சாலைச் சார்பு அழுத்தக் குழுவும் பேருந்து அனுமதியும்: தென்காசி – குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து (1903–1974)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியாவில் சாலைப் போக்குவரத்தின் சார்பில் குரல் கொடுத்த அழுத்தக் குழுக்கள், மோட்டார், டயர், பெட்ரோல் வணிகத்தாரின் ஆதரவோடு மைய அரசின் கொள்கையைப் பாதித்தன. ஆயினும் ஒரு வட்டாரத்தில் சாலை இரயிலை வென்றதற்கு அக்குழுக்களின் வாதங்கள் மட்டும் காரணமல்ல. பேருந்து எந்த வழித்தடத்தில் ஓடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே அரசியல் தொடர்புகளின் உண்மையான களம். அந்த அதிகாரம் ஜில்லா போர்டிலிருந்து மாகாண அரசுக்கும், அங்கிருந்து போக்குவரத்து ஆணையங்களுக்கும், இறுதியில் அரசுக் கழகத்துக்கும் நகர்ந்த வரலாற்றைத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, அழுத்தக் குழு, ஜில்லா போர்டு, பேருந்து அனுமதி, நாட்டுடைமை.

முன்னுரை

சாலைப் போக்குவரத்தில் ஆதாயம் உடையோர் ஒன்றுகூடி அரசை வற்புறுத்தும் அமைப்புகள் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பல நாடுகளில் தோன்றின. பிரிட்டனில் பிரித்தானியச் சாலைக் கூட்டமைப்பும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனின் முன்முயற்சியில் அமைந்த நெடுஞ்சாலைப் பயனாளர் மாநாடும் 1932-இல் உருவாயின. மோட்டார் வரியைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்பதும், இரயிலைக் காக்கும் பொருட்டுச் சாலைப் போக்குவரத்தை ஒடுக்கலாகாது என்பதும் இவ்வகை அமைப்புகள் எங்கும் எழுப்பிய கோரிக்கைகளாகும்.

இந்தியாவில் இவ்வாதங்களை எடுத்துரைத்தது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சாலை மற்றும் போக்குவரத்து வளர்ச்சிச் சங்கம். சங்கத்தின் கோரிக்கைகளை மைய அரசின் குழு அறிக்கைகளிலும் சட்டங்களிலும் தடம் காணலாம். ஆனால் அக்கோரிக்கைகள் நாட்டின் தென்கோடியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் எவ்வடிவம் பெற்றன என்பது தனித்து நோக்கத்தக்கது. தென்காசியும் குற்றாலமும் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. ஒரே மலையடிவாரத்தில் இரு அரசுகளின் சாலைக் கொள்கைகள் அடுத்தடுத்து இயங்கியமையால் ஒப்பீட்டுக்கு இவ்வட்டாரம் ஏற்றதாகிறது.

இரயில் தொட்ட ஊர்களும் தொடாத ஊர்களும்

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட மீட்டர்பாதை 1903-இல் தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைந்தது. 1904-இல் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லம் வரை நீண்டது. விருதுநகரிலிருந்து வந்த மற்றொரு பாதை 1927-இல் தென்காசியில் இணைய, அவ்வூர் சந்திப்பு நிலையமாயிற்று. ஆக, மோட்டார் பேருந்து பரவத் தொடங்கிய காலத்தில் தென்காசி இரயில் வசதியில் குறைவுடைய ஊரன்று.

ஆயினும் அவ்விரயில் பாதைகளின் அமைப்பே பேருந்துக்கு இடம் தந்தது. திருநெல்வேலி – தென்காசி இரயில் பாதை தாமிரபரணிக் கரையின் வளமான ஊர்களை நாடித் தெற்கே வளைந்து, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகச் செல்கிறது; அதன் நீளம் 70 கி.மீ.க்குச் சற்று மிகும். ஆலங்குளம் வழியாகச் செல்லும் சாலையோ ஏறத்தாழ 55 கி.மீ. மட்டுமே. வடக்கிலும் இதே நிலை. இராஜபாளையத்திலிருந்து வரும் இரயில் சங்கரன்கோவிலைத் தொட்டுக் கடையநல்லூருக்கு வருகிறது. சாலையோ மலையடிவாரத்தை ஒட்டிச் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களின் நடுவே செல்கிறது. இரயில் விட்டுச்சென்ற ஊர்கள் இயல்பாகவே பேருந்தின் ஊர்களாயின.

குற்றாலத்துக்கு இரயில் நிலையமே இல்லை. தென்காசியில் இறங்குவோர் எஞ்சிய 5 கி.மீ. தொலைவைச் சாலை வழியாகவே கடக்க வேண்டும். ஆனி முதல் ஆவணி வரையிலான சாரல் காலத்தில் திரளும் கூட்டம் ஆண்டின் பிற மாதங்களில் இருப்பதில்லை. மூன்று மாதத் தேவைக்காக ஆண்டு முழுவதும் இரயில் பாதை ஒன்றைப் பேணுவது கடினம். வண்டிகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பேருந்துக்கு அது எளிது. எந்த அமைப்பின் பரப்புரையும் இன்றியே சாலைக்கு இங்கு ஓர் இயற்கையான சார்பு இருந்தது என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும்.

மும்பைச் சங்கமும் பெட்ரோல் வரியும்

தென்காசி சந்திப்பு நிலையமான அதே 1927-ஆம் ஆண்டில், மைய அரசு எம். ஆர். ஜெயகர் தலைமையில் இந்தியச் சாலை வளர்ச்சிக் குழுவை அமைத்தது. 1928-இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாலை வளர்ச்சி உள்ளாட்சிகளின் வருவாய்க்கு அப்பாற்பட்ட தேசியப் பொறுப்பாக மாறிவிட்டது என்று கூறியது. பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து அதனைச் சாலைக்கென ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதன்படி 1929-இல் கேலன் ஒன்றுக்கு 4 அணாவாக இருந்த வரி 6 அணாவாக உயர்த்தப்பட்டு, கூடுதல் 2 அணா சாலை நிதிக்குச் சென்றது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைப் பேரவை 1934-இல் தோன்றியதும் இக்குழுவின் சிந்தனைத் தொடர்ச்சியே.

மும்பைச் சங்கத்தின் அடிப்படை நிலைப்பாடு இவ்வேற்பாட்டோடு ஒத்துச் சென்றது. வாகனம் செலுத்துவோர் தரும் வரி பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல் சாலையாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் வாதம். இவ்வாதம் பொதுநலனின் மொழியில் அமைந்திருந்தது: உழவர் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவரவும் கிராமங்கள் நகரங்களோடு இணையவும் சாலை தேவை என்பது மறுக்க இயலாதது. எனினும் நல்ல சாலை பெருகினால் மோட்டாரும் டயரும் பெட்ரோலும் விற்பனையாகும் என்பதும் அதே அளவு உண்மை. பொதுநலனும் வணிக நலனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையே இத்தகைய குழுவின் வலிமை.

நிதிப் பங்கீட்டு முறை ஒன்றும் கவனத்துக்குரியது. மாகாணங்களுக்கான பங்கு அவற்றின் பெட்ரோல் நுகர்வுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. இதனால் மோட்டார் ஏற்கெனவே பெருகிய பகுதிகளுக்கே மேலும் நிதி சேர்ந்தது. சாலையில்லாத ஊருக்குச் சாலை என்பது பரப்புரை. வண்டி ஓடும் இடத்துக்கு நிதி என்பது நடைமுறை.

ஜில்லா போர்டும் சுங்கச்சாவடியும்

மைய அளவில் கொள்கை பேசப்பட்டபோது, மாவட்ட அளவில் சாலையின் உண்மையான அதிபதியாக விளங்கியது ஜில்லா போர்டு. 1920-ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சாலைகளைப் பேணுதல், சுங்கம் தண்டுதல், வாடகைக்கு ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு உரிமம் வழங்குதல் ஆகிய மூன்றும் அதனிடம் இருந்தன. இரட்டையாட்சிக் காலத்தில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டமையால், போர்டுத் தலைவர் பதவி கட்சி அரசியலின் முக்கியப் பிடிமானமாயிற்று. உரிமம் தரும் கை எதுவோ அதனை நாடியே பேருந்து உரிமையாளர் செல்ல வேண்டியிருந்தது. தேர்தல் வரும்போது போர்டுத் தலைவருக்கு வண்டியும் பணமும் தேவைப்பட்டன. மும்பைச் சங்கத்தின் விண்ணப்பங்களைவிட இவ்வுறவே மாவட்டப் போக்குவரத்தின் அன்றாட அரசியல்.

திருநெல்வேலியில் இவ்வுறவுக்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. 1923-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி – திருச்செந்தூர் இரயில் பாதை ஜில்லா போர்டுக்கே உரியது. தென்னிந்திய இரயில்வே அதனை இயக்கியது. பேருந்துக்கு உரிமம் தரும் அமைப்பே இரயில் முதலீட்டாளராகவும் இருந்தது. நடுவர் ஒரு தரப்பாகவும் இருக்கும் இந்நிலை, பின்னர் மைய அரசு அளவிலும் மாநில அரசு அளவிலும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

1931-ஆம் ஆண்டுச் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் இந்நிலையில் முதல் பெருமாற்றத்தைக் கொணர்ந்தது. மோட்டார் வண்டிகள் சுங்கச்சாவடிதோறும் நின்று பணம் கட்டும் முறை ஒழிந்து, மாகாண அளவிலான ஒரே வரி வந்தது. சுங்க வருவாயை இழந்த உள்ளாட்சிகளுக்கு மாகாண அரசு ஈடு வழங்கியது. வண்டி உரிமையாளருக்கு இது பெரும் வெற்றி. ஆனால் ஜில்லா போர்டு தன் சொந்த வருவாயை இழந்து மாகாண அரசின் கொடையை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தது. சாலையின் மீதான பிடி மாவட்டத் தலைநகரிலிருந்து சென்னைக் கோட்டைக்கு நகரத் தொடங்கியது.

அரசே எதிர்த்தரப்பு

பிரிட்டனில் சாலைக் குழுக்கள் தனியார் இரயில் நிறுவனங்களோடு மோதின. இந்தியாவில் நிலை வேறு. தென்னிந்திய இரயில்வேயை ஒரு நிறுவனம் நடத்தினும் அதன் பாதைகளில் அரசின் முதலீடு இருந்தது. 1944-இல் நிர்வாகமும் அரசிடம் வந்தது. இரயில் வருவாயிலிருந்து பொதுக் கருவூலத்துக்குப் பங்களிக்கும் ஏற்பாடு 1924 முதல் நடைமுறையில் இருந்தது. எனவே பேருந்து ஈர்த்த ஒவ்வொரு பயணியும் அரசுக் கணக்கில் இழப்பாகத் தோன்றினார்.

1929-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியில் இவ்விழப்பு பெரிதாகத் தெரிந்தது. மிட்செல், கிர்க்னெஸ் ஆகிய இரு அதிகாரிகள் அளித்த அறிக்கை, சாலைப் போட்டியால் இரயில்வேக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 கோடி ரூபாய் இழப்பு என மதிப்பிட்டது. 1937-இல் வெட்ஜ்வுட் குழு அதனை ஏறத்தாழ 4.5 கோடி ரூபாய் என்றது. 1933-இல் சிம்லாவில் இரயில் – சாலை மாநாடு கூடியது. இணைப்பு, ஒருங்கிணைப்பு என்ற சொற்கள் இக்காலத்தில்தான் அரசு ஆவணங்களில் பெருகின. இரயில் தரப்புக்கு ஒருங்கிணைப்பு என்பது பேருந்தைக் கட்டுப்படுத்துவது. சாலைத் தரப்புக்கு அது இரயிலின் ஏகபோகத்துக்கு இட்ட மாற்றுப்பெயர்.

தென்காசியின் நிலவமைப்பில் இரு வாதங்களும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஆலங்குளம் சாலையில் ஓடிய பேருந்து, தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இரயிலுக்குப் போட்டி. அதே பேருந்து ஆலங்குளத்தாருக்கு ஒரே வாய்ப்பு. குற்றாலப் பேருந்து இரயிலுக்குப் போட்டியே அன்று. இரயில் கொண்டுவந்த பயணியை அருவிக்கரை சேர்க்கும் துணை. ஒரே வண்டி ஒரு பகுதியில் போட்டியாகவும் மறுபகுதியில் துணையாகவும் விளங்கியதை மைய அளவிலான இழப்புக் கணக்குகள் காட்டவில்லை.

எல்லைக்கு அப்பால்: திருவிதாங்கூர் அரசுப் பேருந்து

எல்லைக்கு மேற்கே திருவிதாங்கூர் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மன்னர் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கி வைத்தார். இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்டர் அதன் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி வழித்தடத்தில் முதலில் இயங்கிய அச்சேவை, சாலைப் போக்குவரத்தை அரசே நடத்த இயலும் என்பதற்குத் தென்னிந்தியாவின் முற்கால எடுத்துக்காட்டாயிற்று.

தென்காசிப் பேருந்து தனியாருக்குரியது. அடுத்த அரசின் கொள்கையோ பேருந்து அரசுடைமை என்பது. சாலைச் சார்புக் குழுக்களுக்கு இது இக்கட்டான முன்னுதாரணம். சாலையை அரசு அமைக்க வேண்டும், பெட்ரோல் வரியை அரசு சாலைக்கே செலவிட வேண்டும் என்று வாதிட்டவர்கள், அச்சாலையில் ஓடும் வண்டியும் அரசுடையதாக இருக்கலாம் என்ற முடிவை விரும்பவில்லை. ஆனால் முதல் வாதத்திலிருந்து இரண்டாவது முடிவுக்குச் செல்ல ஓரடியே தேவைப்பட்டது.

1939-ஆம் ஆண்டுச் சட்டம்: அழுத்தக் குழுவுக்குச் சட்ட இருக்கை

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பேருந்து அனுமதியை உள்ளாட்சி அரசியலிலிருந்து விலக்கி, மாகாண, வட்டாரப் போக்குவரத்து ஆணையங்களிடம் ஒப்படைத்தது. போக்குவரத்துத் தொழிலில் பொருளாதார ஆதாயம் உடையவர் இவ்வாணையங்களில் உறுப்பினராக இருத்தல் கூடாது என்று அதன் 44-ஆம் பிரிவு விதித்தது. ஜில்லா போர்டுக் கால உறவுகளை அறுக்கும் நோக்கம் இதில் வெளிப்படை.

ஆனால் அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு வேறொரு வாயிலைத் திறந்தது. புதிய பேருந்துக்கு அனுமதி வழங்குமுன் ஆணையம் பொதுமக்கள் நலன், ஏற்கெனவே உள்ள வசதி, சாலையின் நிலை ஆகியவற்றைக் கருத வேண்டும். அவ்வழித்தடத்திலோ அருகிலோ எவ்வகையிலேனும் பயணியர் வசதி அளித்துவருவோரின் முறையீட்டையும் கேட்க வேண்டும். உள்ளாட்சி, காவல் துறை ஆகியவற்றோடு, சாலைப் போக்குவரத்தில் அக்கறையுடையோரின் அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் முறையிடலாம். ‘எவ்வகையிலேனும்’ என்பதனால் இரயில்வே பேருந்தை எதிர்க்கலாம். பழைய பேருந்து உரிமையாளர் புதியவரை எதிர்க்கலாம். அழுத்தக் குழு வெளியிலிருந்து வற்புறுத்தும் அமைப்பு என்ற நிலை மாறி, சட்டமே அழைத்துக் கேட்கும் தரப்பாயிற்று.

இதன் விளைவு எதிர்பாராதது. இரயிலுக்கு எதிராகச் சாலைத் தரப்பு ஒன்றுபட்டிருந்த காலம் முடிந்து, பேருந்து உரிமையாளர்கள் ஒருவரோடொருவர் வழக்காடும் காலம் பிறந்தது. அனுமதிச்சீட்டு எண்ணிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டமையால் அது சொத்தாகவே மதிக்கப்பட்டது. ‘ரூட் பெர்மிட்’ என்ற சொல் பேச்சுத்தமிழில் வேரூன்றியதும் இச்சூழலில்தான். அனுமதி கிடைத்தவருக்கு மேலும் சாலைகளைவிட, மேலும் போட்டியாளர் வராதிருப்பதே ஆதாயம்.

அமைச்சரவையும் மதிப்பெண் முறையும்

விடுதலைக்குப் பின் சென்னை அரசு 1948-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 43-அ என்னும் பிரிவைச் சேர்த்து, போக்குவரத்து ஆணையங்களுக்குப் பொது ஆணைகள் பிறப்பிக்கும் அதிகாரத்தைப் பெற்றது. 1956 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையொன்றில், அனுமதி கோருவோருக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தது. தொழில் நடத்தத்தக்க அளவுக்கு வண்டிகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய நிலையிலுள்ளோர், வழித்தடத்தில் வசிப்போர் அல்லது தொழில் நடத்துவோர், தொழில் அனுபவம் உடையோர் முதலியோருக்கு மதிப்பெண் வகுக்கப்பட்டது. சிறு உரிமையாளரையும் உள்ளூராரையும் ஊக்குவிக்கும் நோக்கம் அதில் இருந்தது. அதேவேளை, யாருக்கு அனுமதி என்பதன் அளவுகோலை அமைச்சரவை வகுக்கும் நிலையும் உருவாயிற்று.

சென்னை – கிருஷ்ணகிரி வழித்தட அனுமதி தொடர்பான பி. இராஜகோபால நாயுடு வழக்கில், 1964-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அனுமதி வழங்கும் ஆணையங்கள் நீதிமுறை சார்ந்த கடமையை ஆற்றுவன. அவை எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என அரசு கட்டளையிட இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். சாலைப் போக்குவரத்தின் அரசியல் தொடர்பைப் பற்றி எழுந்த மிகத் தெளிவான நீதிமன்றக் கூற்றுகளுள் இது ஒன்று. தனிமனித ஊழலைப் பற்றியதன்று அது. அதிகாரம் எங்கு இருக்கலாகாது என்பதைப் பற்றியது.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருந்த ஆட்சி எல்லை மறைந்து, மலைக்கணவாய் வரை ஒரே அரசின் அனுமதி செல்லுபடியானது.

நாட்டுடைமை

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய பேருந்துத் தொழில் தென்மாவட்டச் சாலைப் போக்குவரத்தின் பெருவளர்ச்சிக்குச் சான்று. பேருந்து இயக்கம், ஜெனரல் மோட்டார்ஸ் வாகன விற்பனை, உதிரிப் பாகங்கள் என மோட்டார்த் தொழிலின் பல கிளைகளை அக்குழுமம் ஒருங்கே கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் பேருந்து இயங்கும் கருவிகளையும் அது உருவாக்கியது. காலந்தவறாமைக்கும் தூய்மைக்கும் அதன் பேருந்துகள் மக்களிடையே பெயர் பெற்றிருந்தன.

1967-இல் ஆட்சிக்கு வந்த திராவிட முன்னேற்றக் கழகம் பேருந்து நாட்டுடைமையைக் கொள்கையாகக் கொண்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட அனுமதிகளை உடைய நிறுவனங்களின் பேருந்துகளை அரசுடைமையாக்கியது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அதிலிருந்து பிரிந்து 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. தென்காசி, குற்றாலம் பேருந்துகளின் வரலாறு அதன்பின் பெரிதும் அக்கழகத்தின் வரலாறாயிற்று.

50 அனுமதி என்னும் வரம்பும் பொருள் பொதிந்தது. பெருநிறுவனங்கள் நீங்கின, சிறு உரிமையாளர் பலர் தனியார் தொழிலிலேயே தொடர்ந்தனர். 1956-ஆம் ஆண்டு மதிப்பெண் முறை ஊக்குவிக்க விரும்பிய சிறு உரிமையாளரை 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் தொடவில்லை. ஆளுங்கட்சி மாறியபோதும் சிறு உரிமையாளருக்கு இடம் தரும் போக்கு மாறவில்லை என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

தென்காசி – குற்றாலம் வட்டாரத்தில் சாலையின் வெற்றிக்கு நிலவமைப்பும், இரயில் விட்டுச்சென்ற ஊர்களின் தேவையும் அடித்தளமிட்டன. மும்பைச் சங்கம் போன்ற அழுத்தக் குழுக்கள் அவ்வெற்றிக்கு நிதியையும் வாதத்தையும் தேடித் தந்தன. ஆனால் அவ்வெற்றியின் பயன் யாருக்குச் சேர்ந்தது என்பதைத் தீர்மானித்தது அனுமதி வழங்கும் அதிகாரமே. அவ்வதிகாரம் நகர்ந்த ஒவ்வொரு முறையும் சாலைத் தரப்பு ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழந்தது. சுங்கச்சாவடி நீங்கியபோது மாகாண அரசின் வரி வந்தது. போர்டுத் தலைவரின் தயவு நீங்கியபோது ஆணையத்தின் விசாரணை வந்தது. இரயிலின் எதிர்ப்பு ஓய்ந்தபோது அரசே பேருந்து முதலாளியாயிற்று. சாலையை அரசின் கடமையாக்க வேண்டும் என்று கேட்ட குரலுக்கு, அக்கோரிக்கையின் முழுப்பொருளும் இறுதியில் விடையாகக் கிடைத்தது.

இவ்வரலாற்றில் இரயிலின் இடமும் மறக்கத்தக்கதன்று. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்ட செங்கோட்டை – புனலூர்ப் பாதை 2018-இல்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 8 ஆண்டுகளில் மலைக்கு அப்பால் செல்வோர்க்குச் சாலையே துணை. போட்டியாளர் இன்றி நின்ற சாலையில் அப்போது விவாதம் எதுவும் எழவில்லை. பயணிக்குத் தெரிவும் இருக்கவில்லை. 1930-களில் இரயில், சாலை ஆகிய இரு தரப்பும் தத்தம் ஆதாயத்துக்காக உச்சரித்த ஒருங்கிணைப்பு என்ற சொல், சந்திப்பு நிலையத்தில் இறங்கி அருவிக்குச் செல்லும் பயணியின் பார்வையில் மட்டுமே அதன் நேர்ப்பொருளைப் பெறுகிறது. 2019-இல் தனி மாவட்டமான தென்காசியின் போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுவதற்கும் அப்பயணியின் பார்வையே தக்க அளவுகோலாகும்.